மரத்தடி ஆள்

ராஜவேலு செத்துப் பதினோரு நாள் ஆன பிறகும், காலை பத்து மணிக்கு அவன் என் சட்டைப் பையிலிருந்து கத்தினான்.

“யோவ் மாமா! மேல இருந்து பாத்துக்கினேதான் கீறேன். கீழ போடு அத்த!”

அவன் மனைவி தேவி அதைக் கேட்பதற்காகவே ஒன்பதரைக்கு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். குரல் வந்ததும் அண்ணாந்து பார்த்தாள். என் மனைவி பெரியம்மாளும் அண்ணாந்து பார்த்தாள். ராஜவேலு அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி. அந்தக் குரலைக் கேட்கிற யாரும் என் பையைப் பார்ப்பதில்லை, மேலேதான் பார்ப்பார்கள். அவன் அப்படிப் பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

குரல் நின்றதும் போன் கேள்வி கேட்கும். இன்று பீடி பிடித்தீர்களா? கீழே இரண்டு கட்டம். பச்சையில் ‘இல்லை’. சிவப்பில் ‘ஆம்’. நான் பச்சையைத் தொட்டேன். வாழ்த்துகள், இன்றோடு ஐம்பத்தெட்டு நாள் என்று எழுத்து வந்தது.

தேவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீயாவது நல்லா இருண்ணா. அவரு ஆசப்பட்டது அது ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஐம்பத்தெட்டு இல்லை. பதினொன்று. அது எனக்கும் ராஜவேலுவுக்கும் மட்டும்தான் தெரியும்.

என் இடது காலில் இரண்டு விரல் கிடையாது. சின்ன வயதிலிருந்து பிடித்த பீடி, காலுக்குப் போகிற ரத்தக்குழாயைச் சுருக்கிவிட்டது என்று கீழே டவுன் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலது கால் கட்டைவிரல் கறுக்க ஆரம்பித்தது. மறுபடி போனேன். டாக்டர் என் வலது முழங்காலுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார்.

“பீடிய விட்டா இந்தக் கால் உங்களுது. ஒண்ணே ஒண்ணுன்னு மறுபடி ஆரம்பிச்சாலும் இங்கதான் வெட்டு.”

அந்தப் பேனாக் கோடு நாலு நாள் தேய்த்துக் குளித்த பிறகுதான் போனது. மலையில் கால்தான் எங்களுக்குச் சொத்து. சாமை விதைக்கவும், கடுக்காய் பொறுக்கவும், ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் போய்ச் சேரவும் கால் வேண்டும். புளி உலுக்குகிற மாதத்தில் மரத்தடியில் நிற்கவாவது கால் வேண்டும்.

குரலும் கேள்வியும் வருகிற அந்த ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்தது ஊருக்கு வருகிற நர்ஸ் கலைவாணி. நான் நாற்பதுக்கு மேல் எழுத்துக் கற்றவன். எழுத்து ஓடினால் என்னால் பிடிக்க முடியாது. அதனால் பெரிய எழுத்தாக்கி, நிற்கிற மாதிரி வைத்துக் கொடுத்தாள்.

“துணைக்கு ஒரு ஆளு வேணும்ணா. அவங்க குரல்ல ரெண்டு வார்த்த பேசி வெச்சிட்டா, நீங்க வழக்கமா பீடி புடிக்கிற நேரத்துல அதுவா ஒலிக்கும். பத்து மணிக்கு, சாப்பாட்டுக்கு அப்பறம், நாலு மணிக்கு. சிக்னல்கூட வேணாம். யாரு பேசுறீங்க? அண்ணியா?”

ராஜவேலு போனைப் பிடுங்கிக்கொண்டான். “பொண்டாட்டி சொன்னா எந்த ஊர்ல எவன் கேக்கறான்? நான் பேசறேன். மரத்து மேல இருந்து நான் சொன்னாத்தான் இவரு கேப்பாரு.”

“மெதுவா பேசுங்க, போனுக்குக் காது நல்லா கேக்கும்.”

“மெதுவாவா? இவரு கால் கெட்டதுல இருந்து நான் மேல, இவரு கீழ. மெதுவா பேசறது எப்படின்னே மறந்துட்டேன் போம்மா.”

போனைத் தள்ளிப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க, உச்சிக்கிளையிலிருந்து தரைக்குக் கத்துகிற கத்தாகக் கத்தினான். ஊசிக்கு நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. போன் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. அன்றைக்கே அவனும் பீடியை விட்டான். “நீ வுட்டா நானும் வுட்டுடறேன் மாமா. நீ சும்மா நிக்கச்சொல்லோ நான் எதிர்ல புடிச்சா நல்லா இருக்காது.”

புளி உலுக்குவதில் மரத்தடி ஆள் என்று ஒருவன் உண்டு. மேலே ஏறியவனுக்குத் தன் காலுக்குக் கீழே இருக்கிற கிளை தெரியாது. கீழே நிற்கிறவன்தான் அண்ணாந்து பார்த்து, இடது கால் வை, அது பட்ட கொம்பு, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவன் ‘எறங்கு’ என்று குரல் கொடுக்காமல் மேலே இருக்கிறவன் இறங்க மாட்டான். கண்ணை மேலேயிருந்து எடுக்கக் கூடாது. அதுதான் மரத்தடி ஆளுக்கு வேலை. வேறு வேலை இல்லை.

பீடியை விட்டு அன்றைக்கு நாற்பத்தேழாம் நாள். ஓடையோரத்துப் பெரிய புளியமரம். ராஜவேலு மேலே உலுக்கிக்கொண்டிருந்தான். பொறுக்குகிற பெண்கள் இன்னும் வரவில்லை. நான் சாக்கை உதறினேன். போன வருடத்து பீடிக்கட்டு ஒன்று மூலையில் கசங்கிக் கிடந்தது. உள்ளே மூன்று. பார்க்காத மாதிரி சாக்கை மடித்து வைத்தேன். மறுபடி எடுத்து உதறினேன்.

மூன்று இழுப்புதான். மரத்தடியில் நின்று பிடித்தால் புகை எங்கே போகும்? மேலேதான் போகும். இருபது வருடம் மரத்தில் ஏறியவனுக்கு அது தெரியாதா? அந்த நேரம் புத்திக்கு எட்டவில்லை.

“மாமா, இன்னாது அது வாசன?”

கோபமாகக்கூட இல்லை. சிரிப்பு வருகிற மாதிரிதான் கேட்டான். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, இலைக்கு நடுவே தலையை நீட்டிக் குனிந்து பார்த்தான். அவன் கண் என் கண்ணைப் பார்த்தது. நான் கீழே குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது கிளையில் ஆள் இல்லை.

அந்தச் சத்தம் கேட்டும் நான் முதலில் அவனிடம் ஓடவில்லை. பீடியைப் போட்டு, குதிகாலால் மிதித்து, மண்ணைத் தள்ளி மூடினேன். அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

ஜீப்பில் அவன் தலை என் மடியில் இருந்தது. மூச்சு இருந்தது. பாதி மலை இறங்குவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. என் பையிலிருந்து அவனே கத்தினான். யோவ் மாமா, மேல இருந்து பாத்துக்கினேதான் கீறேன். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தான். மடியில் கிடந்தவன் மட்டும் கூரையைப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்து என் பையைப் பார்த்தான். போன் கேள்வி கேட்டது. நான் பச்சையைத் தொட்டேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த வளைவில் அந்தக் கண்ணுக்குள் ஆள் இல்லை.

இதுதான் நடந்தது. ஊருக்கு நான் சொன்னது, கால் வழுக்கியது என்று.

காரியம் ஆகாத வீடு. யாரும் வேலைக்குப் போகவில்லை. நாளுக்கு மூன்று முறை அவன் கத்தினான். மூன்றாம் நாள் கலைவாணி துக்கத்துக்கு வந்தவள், தேவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்தக் குரல மட்டும் நிறுத்தி வெச்சிடட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்” என்றாள் தேவி. “போட்டாவுல அவரு வாய மூடிக்கினு கீறாரு. இதுலதான் பேசறாரு.”

அதிலிருந்து அவள் பத்து மணிக்குத் தவறாமல் வந்தாள். அவள் எதிரில் நான் பச்சையைத் தொட வேண்டும். எழுத்தை வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். தொடுகிற விரலில் பீடி நாற்றம் போகவே இல்லை. சோப்புப் போட்டேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோல் வைத்துப் பார்த்தேன். பெரியம்மாள் முகர்ந்துவிட்டு எலுமிச்சைதான் மணக்கிறது என்றாள். எனக்கு மட்டும் பீடி.

பன்னிரண்டாம் நாள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, கொல்லைப் பக்கம் சும்மா நடந்தேன். காட்டுக்குள் ஒரு ஆளும் இல்லை. நடந்துகொண்டே இருந்தவன் தலைக்கு மேலே, பலாமரத்து உச்சியில், “யோவ் மாமா” என்று கேட்டது. அவ்வளவுதான். மீதி இல்லை. கிளையில் ஒரு குருவிகூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாள், “பத்து மணிக்குக் கத்தினான், நீ இல்ல, நானே பச்சைய அமுக்கிட்டேன்” என்றாள்.

அன்று சாயங்காலம் வெந்நீரில் கால் கழுவும்போது பார்த்தேன். கட்டைவிரல் கறுப்பு இன்னும் ஒரு நகம் அளவுக்கு மேலே ஏறியிருந்தது.

பதினான்காம் நாள் ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தி காரியத்தைப் பேச வந்தார். எங்கள் ஊரில், மரத்திலிருந்து விழுந்து செத்தவன் தானாக வீடு வந்து சேர மாட்டான் என்பார்கள். ஏறின இடத்திலேயே நிற்பான். பதினாறாம் நாள் மரத்தடி ஆள் போய் அவனை ‘எறங்கு’ என்று கூப்பிட வேண்டும். பிறகு, உயிரோடு இருந்தபோது அவனுக்குப் பிடித்த புகையைப் பற்ற வைத்து, அணையாமல் இழுத்துக்கொண்டே முன்னால் நடக்க வேண்டும். ஊர் நடுவில் வரும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு செத்தவன் கடைசி ஆளாக வருவான். வீட்டு வாசல் வருகிற வரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

“அரை மணி நடை. எப்படியும் நாலு பீடி ஆகும்” என்றார் கவுண்டர்.

“அவரு கால் போய்டுங்க” என்றாள் பெரியம்மாள்.

“நாலு பீடிக்கு ஒரு காலா? எங்க மாமன் நாப்பது வருசம் புடிச்சாரு. எம்பது வயசுல மாட்டு கூட ஓடினாரு.”

“மாடு தொரத்துச்சி, ஓடினாரு. எனக்குத் தெரியாதா?”

“சரிம்மே, நீயே ஒரு வழி சொல்லு.”

“ஊதுவத்தி ஏத்திக்கினு போனா?”

“உன் தம்பி இன்னா கோயில் சாமியா? ஊதுவத்திக்கு வந்தா அது வேற எவனோ. அவன வூட்ல சேத்துட்டு அப்பறம் யாரு பாடுபடறது?”

“பீடிய பத்த வெச்சி கையிலயே புடிச்சிக்கினு நடக்கட்டும்.”

கவுண்டர் என்னைப் பார்த்தார். “பீடி சிகரெட்டு மாதிரி தானா எரியுமா? இழுக்கலன்னா நாலு அடியில அணைஞ்சிடும். இவனக் கேளு.”

“அவன்தான் பீடிய வுட்டுட்டானே” என்று நான் சொன்னேன்.

“நாப்பத்தேழு நாளு வுட்டான். அதுக்கு முந்தி எத்தினி வருசம்? அதுக்குள்ள மூக்கு மறந்துடுமா? டேய் ராஜாக்கண்ணு, உனக்காக ஏறினவன்டா அவன். நீ கூப்பிடலன்னா வேற எவன் கூப்பிட்டு எறங்குவான்?”

எனக்குக் கால் போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட மோசம் ஒன்றும் இருந்தது. நாலு பீடி என்று அவர் சொன்னபோது என் வாயில் எச்சில் ஊறியது. ஊரே கூடி, பிடிடா என்று கையில் கொடுக்கப்போகிறது. அவனைக் கொன்ற பீடிக்கு மேலே இன்னும் நாலு. அதை நினைத்து எச்சில் ஊறுகிற வாய் எப்படிப்பட்ட வாய்?

பதினாறாம் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மரத்தடிக்குப் போய்விட்டோம். இருபது பேர் இருக்கும். சோறும் கோழிக்குழம்பும் இலையில் வைத்தார்கள். தேவி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். கவுண்டர் புது பீடிக்கட்டைப் பிரித்து ஒன்றை என் கையில் வைத்தார். தீப்பெட்டியும் கொடுத்தார்.

“கூப்புடு.”

அண்ணாந்து பார்த்தேன். காற்று இல்லை. மற்ற கிளையெல்லாம் அசையாமல் இருந்தது. அவன் நின்ற கிளை மட்டும், ஆள் பாரம் தாங்குகிற மாதிரி கொஞ்சம் தாழ்ந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைக்கு நடுவே இருட்டாக ஒரு இடம் குனிந்தது. இரண்டு புளியங்காய் சோற்றிலையின்மேல் விழுந்தன.

“வந்துட்டான்டா. கூப்புடு சீக்கிரம்” என்றார் கவுண்டர்.

எப்படிக் கூப்பிடுவேன்? அவன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்னாது அது வாசன என்று கேட்டுவிட்டு அங்கேயே குனிந்து நிற்கிறான்.

“பீடிதான் மச்சான்” என்றேன் மேலே பார்த்து.

“இன்னாடா ஒளர்ற?”

“பீடிதான். அன்னிக்கி நான் புடிச்சேன். புகை மேல போச்சி. இன்னா வாசனன்னு குனிஞ்சி பாத்தான். நான் மேல பாக்காம கீழ குனிஞ்சிக்கினேன். அதுலதான் வுழுந்தான்.” கவுண்டருக்குச் சொன்னேனா, தேவிக்குச் சொன்னேனா, தெரியவில்லை. சொல்லி முடித்தபோது நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

பெரியம்மாள்தான் முதலில் என் எதிரில் வந்து நின்றாள். அழவில்லை. அடிக்கவும் இல்லை.

“வுழுந்தப்பறம் நீ அந்த பீடிய இன்னா பண்ண?”

அங்கே நின்ற இருபது பேரில் வேறு ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றாது. அவள் என்னோடு குடித்தனம் பண்ணுகிறவள்.

“மிதிச்சி மூடிட்டு, அப்பறம்தான் ஓடினேன்.”

அவள் திரும்பித் தன் தம்பி ஏறிய மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தேவி எழுந்து வந்தாள். “இத்தினி நாளா என்ன எதிர்ல உக்கார வெச்சி பச்சைய அமுக்கினியாண்ணா?”

“ஆமாம்மா.”

“நான் உன்ன நல்லா இருன்னு சொல்லிட்டுப் போனேன். தெனமும் சொன்னேன்.”

“ஆமாம்மா.”

“எடு அத்த. செவப்ப அமுக்கு.”

போனை எடுத்தேன். கேள்வி வருகிற நேரம் இல்லை. ஆனாலும் உள்ளே போய்க் கேள்வியைத் திறக்கக் கலைவாணி சொல்லிக் கொடுத்திருந்தாள். இரண்டு தடவை தவறிப்போய், மூன்றாவது தடவை சிவப்பைத் தொட்டேன். எழுத்து வந்தது.

“இன்னா சொல்லுது? படி.”

எழுத்துக் கூட்டிப் படித்தேன். “பரவாயில்லை. மீண்டும் தொடங்குவோம்.”

“பரவால்லியாமா?” என்றாள் தேவி. போனைப் பார்த்துத்தான் கேட்டாள். “அதுக்கு இன்னா, அது சொல்லும்.”

என் கையிலிருந்த பீடியையும் தீப்பெட்டியையும் பிடுங்கிக்கொண்டாள். “எழுந்துரு. அவரக் கூப்புடு. நீ கூப்பிட்டாத்தான் எறங்குவாரு, அதுக்காகத்தான் சொல்றேன். முன்னால நடக்கிற வேல உனுக்குக் கெடையாது. நான் நடக்கறேன்.”

“பொம்பள பீடி புடிச்சிக்கினு எப்படிம்மா…” என்று கவுண்டர் ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க கவுண்டரே” என்றாள் பெரியம்மாள், திரும்பாமலே.

நான் எழுந்தேன். மரத்தை அண்ணாந்து பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். “எறங்கு மச்சான்” என்றேன். தாழ்ந்திருந்த கிளை மெதுவாக மேலே எழும்பியது.

தேவி பீடியைப் பற்ற வைத்தாள். பிறந்ததிலிருந்து வாயில் வைக்காதவள். முதல் இழுப்பிலேயே கண்ணில் நீர் கொட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அணைந்தது. மறுபடி கிழித்தாள். இருமிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். பின்னால் கவுண்டர், அதற்குப் பின்னால் ஊர், பெரியம்மாள். யாரும் என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு நான் நடந்தேன்.

கடைசி இடம் செத்தவனுடையது. அது எனக்குத் தெரியும். என்னால் வேகமாக நடந்து அவர்களோடு சேர முடியவில்லை. கட்டைவிரல் ஒவ்வொரு அடிக்கும் சுட்டது. எனக்கும் பெரியம்மாளுக்கும் இடையில் பத்து அடி ஆயிற்று, இருபது அடி ஆயிற்று. எனக்குப் பின்னால் சருகு மிதிபட்டது. நான் நின்றால் நின்றது. நான் நொண்டினால், அவசரம் இல்லாமல், என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தது.

ஓடையைத் தாண்டியதும் பாதை ஏறுகிறது. அங்கே காற்று எதிரிலிருந்து அடிக்கும். தேவி மூன்றாவது பீடியைப் பற்ற வைத்திருக்க வேண்டும். புகை ஊரைத் தாண்டி, பெரியம்மாளைத் தாண்டி, நேராக என் முகத்துக்கு வந்தது. புதுப் பீடி வாசனை. எனக்கு வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்து மூடினேன். மூக்கை முண்டாசால் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அந்தப் புகை என்னைக் கடந்து போனது. என் தோளுக்குப் பின்னால் ஒருவன் அதை நெஞ்சு நிறைய இழுத்தான்.